உயராத கையும் இடும்பன் சுமையும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைப் பக்கமாகப் புறப்பட்டு, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் மலைச்சாலை கிளாவரையில் சென்று முடிகிறது. கேரள எல்லையை அடுத்த மலையூர் அது. மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவு நிலங்களில் மண்வெட்டி பிடித்தும் மூட்டை சுமந்தும் முதுமையை எட்டியவர்கள் வாழும் பகுதி. அங்கே உழைப்பின் பாரம் முதலில் ஏறுவது தோளின் மீதுதான்.

தோளில் பாரம் ஏற்றுவது பழனி மலைகளுக்குப் புதிதன்று. அகத்திய முனிவரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டிச் சுமந்து வந்த இடும்பன், இளைப்பாறுவதற்காக அவற்றை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. தோள்வலிமையால் மட்டும் ஆகாத செயலும் உண்டு என்று உணர்ந்து முருகப்பெருமானைப் பணிந்தான். அருள் பெற்றான் என்கிறது தலபுராணம்.

கர்ப்பூர ஆரத்தி காட்டும் வேளையில் எல்லோரும் தலைமேல் கைகூப்பி நிற்க, முதியவர் ஒருவரின் வலக்கை மட்டும் மார்பளவோடு நின்றுவிடுவதைப் பல ஆலயங்களில் காணலாம். தலைவார இயலாது, மாடத்து விளக்கை எட்டி ஏற்ற இயலாது, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலி உறக்கத்தைக் கெடுக்கும். வாயுப் பிடிப்பு என்றும் குளிரின் கோளாறு என்றும் தைலம் தடவி, பிள்ளைகளுக்குச் சிரமம் தரலாகாது என்று மறைத்து வைப்பவர்களே மிகுதி. அவ்வாறு மறைப்பதில்தான் இழப்பு இருக்கிறது.

தோள் என்பது பந்துக் கிண்ண மூட்டு. அதன் கிண்ணம் மிகவும் ஆழமற்றது. பந்து நழுவாமல் அதனைக் கிண்ணத்தோடு அணைத்து, கையை உயர்த்தவும் சுழற்றவும் துணை நிற்பவை நான்கு தசைகள். அவற்றின் தசைநாண்கள் ஒன்றுகூடி எலும்பின் தலையைச் சட்டைக் கைப்பட்டை போல் சூழ்ந்திருக்கின்றன. இதனையே மருத்துவர்கள் ரொட்டேட்டர் கஃப் என்கின்றனர். வயது ஏற ஏற இந்த நாண்கள் நைந்து போகின்றன. பின்னர் ஒரு சறுக்கலோ, ஒரு மூட்டையோ போதும், அவை கிழிந்துவிடும். கிழிசல் 5 செ.மீ. அளவை எட்டினாலோ, இரண்டு நாண்கள் முழுமையாக அறுந்தாலோ அதனைப் பெருங்கிழிசல் என்பர். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். கிழிந்த நாணைக் காட்டுவது அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனையே.

கிழிசல் என்றவுடன் கத்தியை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாமல் கிழிந்த நாணோடு வாழும் முதியவர்கள் ஏராளம். மெல்ல நைந்து கிழிந்தவர்களுக்கு முதலில் இயன்முறைப் பயிற்சியும் வலிநிவாரணமும் தரப்படுகின்றன. எஞ்சிய தசைகள் வலுப்பெற்றால் பலருக்கு அதுவே போதுமானதாகிறது. ஆனால் கீழே விழுந்தவுடன் கை திடீரென்று உயராமற்போனால் அதற்குக் காத்திருப்பு கூடாது. சில வாரங்களுக்குள் எலும்பு மருத்துவரைக் காண வேண்டும். அறுந்த நாண் நாளடைவில் உள்வாங்கிச் சுருங்கும். அதன் தசை மெலிந்து கொழுப்பாக மாறும். அவ்வாறு மாறிய தசை, நாணைத் தைத்த பிறகும் பழைய நிலைக்கு மீள்வது அரிது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன், அறுந்த நாணைத் தைத்த சிகிச்சையைப் பற்றி 1911ஆம் ஆண்டிலேயே எழுதினார். இன்று சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்தி, எலும்பில் பதித்த சிறு நங்கூரங்களில் நூல் கோத்து நாணை இழுத்துக் கட்டுகின்றனர். முழுமையாக இழுக்க இயலாதபோது ஒரு பகுதியை மட்டும் தைப்பதும், முதுகுத் தசை ஒன்றின் நாணை இடம் மாற்றிப் பொருத்துவதும் உண்டு. பெருங்கிழிசலைத் தைத்தாலும், வயது முதிர்ந்தவர்களுக்கு மீண்டும் பிரியும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

தைக்கவே இயலாத நிலையில், மூட்டும் தேய்ந்துபோன முதியவர்களுக்கு உதவுவது தலைகீழ்த் தோள்மூட்டு மாற்றுச் சிகிச்சை. பிரான்சு நாட்டு மருத்துவர் பால் கிராமோன் 1985ஆம் ஆண்டில் இதற்கு வழிகண்டார். கிண்ணம் இருந்த இடத்தில் பந்தையும், பந்து இருந்த இடத்தில் கிண்ணத்தையும் அமைப்பதே அவரது உத்தி. அதனால் அறுந்த நாண்களின் வேலையைத் தோளின் மேற்புறத்து டெல்டாய்டு தசை ஏற்றுக்கொள்கிறது. வலி பெரிதும் தணியும். பலருக்குக் கை மீண்டும் உயரும். ஆயினும் கையை முதுகுப்புறம் கொண்டு செல்வது சிலருக்குக் கடினமாகவே இருக்கும். நோய்த்தொற்று, மூட்டு விலகல் போன்ற இடர்களும் உண்டு. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகைப்பழக்கத்தை விடுவதும் அறுவைக்கு முந்தைய கடமைகள்.

நாணைத் தைத்துக்கொண்டவர் நான்கு முதல் ஆறு வாரங்கள் கையைத் தூளியில் தாங்கியிருக்க வேண்டும். வலுவூட்டும் பயிற்சிகள் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின்னரே தொடங்கும். முழுப்பயன் கிட்ட ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். மலையூர்களில் வாழ்பவர்கள், இறங்கி ஏறிப் பயிற்சிக்கு வருவதற்கான ஏற்பாட்டையும் வீட்டில் கைகொடுப்பவர் யார் என்பதையும் அறுவைக்கு முன்பே முடிவு செய்வது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தமக்கு இடமுண்டா என்பதை அரசு மருத்துவமனையிலேயே கேட்டறியலாம்.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சை பெற்றவர்கள், நேர்ந்துகொண்டோம் என்பதற்காக உடனே காவடி தூக்க முற்படுதல் தகாது. மருத்துவர் இசைவு தரும்வரை அந்தச் சுமையை மகனோ பேரனோ ஏற்கட்டும். முதியவர் உடன் நடந்தாலே போதும். கைகள் மார்பளவே உயர்ந்தாலும் கும்பிடு கும்பிடுதான். இறக்கி வைத்தவனையும் ஏற்றுக்கொண்ட தெய்வம் பழனியாண்டவன். மலையேறும் வழியில் இடும்பனுக்கென்று அமைந்த சன்னதியே அதற்குச் சான்று.