மரவள்ளிக்கிழங்குப் புரட்சி

ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி கிளிசரின், ஒரு தேக்கரண்டி வினிகர். சட்டியில் போட்டுச் சிறுதீயில் கிண்ட வேண்டும். பால்போல இருப்பது கஞ்சியாகும். கஞ்சி கண்ணாடிபோலத் தெளிந்து கரண்டியோடு இழுபடும்போது இறக்கி, அலுமினியத் தாளில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் காயவிட்டால் தோல்போல உரிந்து வரும். இதுதான் வீட்டு நெகிழி. இயற்கையானது, மக்கக்கூடியது, பூமியைக் காப்பாற்றப் போவது.

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்குப் போனால் ஏதாவது ஒரு மேசையில் இது இருக்கிறது. விடுமுறை முகாமில் இருக்கிறது, கோயில் இளைஞர் பகுதியின் 'பசுமை நாளில்' இருக்கிறது. இப்போது இலக்கியக் கூட்டத்துக்கும் வந்துவிட்டது. போன வருடம் கிள்ளானில் ஓர் அமைப்பு நடத்திய சூழலியல் இலக்கிய நிகழ்வில் (பெயர் வேண்டாம், நண்பர்கள் இருக்கிறார்கள்) கவிதை வாசிப்புக்கும் மதிய உணவுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இந்தப் பட்டறைதான். நடத்திய தம்பி நல்ல பையன், உழைப்பாளி. "இனிமே பிளாஸ்டிக்கே வேணாம்ணே, எல்லாத்தையும் நம்ம அடுப்படியிலேயே செஞ்சிக்கலாம்" என்றான். பலமான கைத்தட்டல். பிறகு சாப்பாடு பாலிஸ்டைரின் பெட்டியில் வந்தது. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடை பாலியெஸ்டர். அது வந்த உறை பாலித்தீன். கேலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவருக்குக்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

சோதனையின் வேதியியலோடு எனக்குச் சண்டை இல்லை. அது அழகானது. மாவுச்சத்து என்பது சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. சூட்டில் மாவுத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி வெடிக்கின்றன, சங்கிலிகள் வெளியே வருகின்றன. கிளைவிட்டுப் பின்னிக் கிடக்கும் சங்கிலிகளை வினிகரின் அமிலம் கொஞ்சம் நறுக்கிவிடுகிறது. கிளிசரின் அவற்றின் இடையில் புகுந்து உட்கார்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி விறைக்காமல் வழுக்க வைக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாலிமர் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் காட்சி எப்போதும் உரித்தெடுக்கும் நொடியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் சாதாரணமாகவே எண்பது விழுக்காட்டைத் தொடும். அந்தத் தாள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். மூடி வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். குளிர்சாதன அறையில் வைத்தால் பழைய சோறு விறைப்பதுபோல விறைத்து, மடக்கினால் ஒடியும். அதில் ஒரு கால் கிலோ மீனைக் கட்டிக்கொண்டு பாசார் மாலாமிலிருந்து கார் நிறுத்திய இடம்வரை நடந்து பாருங்கள்.

"இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி செய்தால் சரியாகிவிடும்" என்பார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மாவுச்சத்துச் சங்கிலி நெடுகத் தண்ணீரை இழுக்கும் பிடிகள் இருக்கின்றன. அதனால்தான் அது நனைகிறது. நனைவதால்தான் நுண்ணுயிர்களின் நொதிகள் உள்ளே போய் அறுக்க முடிகிறது, அதனால்தான் மக்குகிறது. பாலித்தீனில் அந்தப் பிடிகள் இல்லை. மீன் தண்ணீர் ஒழுகாததும் அதனால்தான், மண்ணில் புதைத்தால் பல தலைமுறைக்கு அப்படியே கிடப்பதும் அதனால்தான். மக்குவதை மட்டும் வைத்துக்கொண்டு நனைவதைக் கழற்றிவிட முடியாது. நனையாதபடி மேலே ஒரு பூச்சு போட்டால் மக்குவது அந்தப் பூச்சைப் பொறுத்ததாகிவிடும்.

மக்கும் பொருளை நம் மக்கள் பயன்படுத்தாமலா இருந்தார்கள்? நாசி லெமாக் வாழையிலையில் கட்டித்தான் வந்தது. அந்த இலை அன்று காலை வெட்டியது, மதியத்துக்குள் குப்பையில் விழுந்துவிடும். இலைக்கு ஆறு மாதம் உழைக்க வேண்டிய கட்டாயமில்லை, ஏனென்றால் சோறு வெந்த இடமும் தின்ற வாயும் ஒரே தெருவில் இருந்தன. இன்று நம் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக்கில் எவ்வளவு அப்படிப்பட்டது? வேறொரு நாட்டுத் தொழிற்சாலையில் அடைக்கப்பட்டு, கப்பலில் ஏறி, கிடங்கில் கிடந்து, பேரங்காடித் தட்டில் மாதக்கணக்கில் காத்திருந்து வரும் ஷாம்பு பாக்கெட். அந்தப் பயணத்துக்கு மக்காத உறைதான் வேண்டும். அங்கே மாற வேண்டியது பயணம். உறையை மட்டும் அடுப்படியில் கிண்டி மாற்றிவிடலாம் என்பது, வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது கால் மிதியடியைக் காயப் போடுகிற கதை.

பட்டறைகளில் 'இயற்கையிலிருந்து வந்தது' என்பதும் 'மக்கும்' என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இரண்டும் வேறு. பிரேசிலில் கரும்பிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். கரும்பிலிருந்து வந்தாலும் அது பாலித்தீன்தான், மக்காது. எண்ணெயிலிருந்து செய்யப்படும் சில பிளாஸ்டிக்குகள் மக்கும். சோளத்திலிருந்து வரும் பிஎல்ஏ குவளை மக்கும்தான், ஆனால் ஏறத்தாழ அறுபது டிகிரி சூட்டைப் பிடித்து வைக்கும் உரத் தொழிற்கூடத்தில். உங்கள் வீட்டுப் பின்புற வாழைமரத்தடியில் அல்ல, கால்வாயில் அல்ல, கடலில் நிச்சயமாக அல்ல.

சிங்கப்பூர் நண்பர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள், அறிந்தும் பேசுவதில்லை. அங்கே எரியக்கூடிய குப்பை எல்லாம் எரி உலைக்குப் போகிறது. சாம்பல் 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவுக்குப் போகிறது. மக்கும் பையும் மக்காத பையும் ஒரே நெருப்பில்தான் விழுகின்றன. மக்குவதற்கு அந்தப் பைக்கு வாய்ப்பே கிடையாது. அங்கே பெரிய பேரங்காடிகள் 2023 ஜூலையிலிருந்து பைக்கு ஐந்து காசாவது வாங்க வேண்டும் என்று விதி வந்தது. எந்தக் கவர்ச்சியும் இல்லாத விதி, மேடையில் செய்துகாட்ட முடியாது. ஆனால் பை வேண்டுமா என்று ஒரு நொடி யோசிக்க வைக்கிறது. நம் சிலாங்கூரில் 2017இலேயே இருபது சென் வந்தது, பினாங்கில் அதற்கும் முன்பே. அதே 2017இல் கூட்டரசுப் பிரதேசங்களில் மக்கும் பைதான் தர வேண்டும் என்றார்கள். அந்தப் பைகளைத் தனியாகச் சேர்க்க வீட்டு வாசலில் எவரும் வந்து நான் பார்த்ததில்லை. மற்ற குப்பையோடு சேர்ந்து காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதைந்தால், மக்குகிற பொருள் மீத்தேனாகத்தான் மக்கும்.

ஜெஞ்சாரோம் என்ற ஊர் ஞாபகம் இருக்கிறதா? கோலலங்காட் மாவட்டம், கிள்ளானிலிருந்து தூரமில்லை. 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியது. அந்தக் கழிவு நம் பக்கம் திரும்பியது. செம்பனைக் காடுகளுக்கு இடையில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. விற்க முடிந்ததை உருக்கினார்கள், மீதியை இரவில் எரித்தார்கள். ஊர் மக்கள் இருமிக்கொண்டே புகார் எழுதினார்கள். அதற்கப்புறம்தான் ஆலைகள் மூடப்பட்டன. 2020 ஜனவரியில் 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒவ்வொரு கொள்கலனுக்குப் பின்னாலும் ஏற்றுமதி செய்தவர், இறக்குமதி செய்தவர், பொய்யான பாரம் எழுதியவர், கண்ணை மூடிக்கொண்டவர் என்று ஆட்கள் இருந்தார்கள்.

இந்த ஊரைப் பற்றி எந்த நெகிழிப் பட்டறையிலும் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. மரவள்ளி மாவு யாரையும் கோபப்படுத்தாது. ஆதரவாளர் பணம் கொடுப்பார், தலைமையாசிரியர் படம் எடுத்துக்கொள்வார், ஒய்.பி. வந்து கரண்டியைப் பிடித்து ஒரு கிண்டு கிண்டிவிட்டுப் போவார். எல்லாருக்கும் சௌகரியம். இதில் மாட்டுவது பிள்ளைகள்தான். 'குப்பை உன்னால் வந்தது, உன் அம்மாவின் அடுப்படியில் தீரும்' என்ற பாடம் பத்து வயதில் மண்டையில் ஏறிவிடுகிறது. அந்த அம்மா காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவளாக இருந்தால் கிளிசரின் வாங்கி எப்போது கிண்டுவாள் என்று யாரும் கேட்பதில்லை. அவள் தே ஓ ஐஸைப் பிளாஸ்டிக் பையில் தாப்பாவ் வாங்குவதற்கு மட்டும் நாம் கவிதை எழுதிக் கண்டிப்போம்.

'இயற்கை' என்ற சொல்லுக்கு வருகிறேன். இளம் எழுத்தாளர்கள் இந்தச் சொல்லை விபூதிபோலப் பூசிக்கொள்கிறோம். இந்த மண்ணின் முதல் உலகப் புகழ் பெற்ற பிளாஸ்டிக் முழுக்க முழுக்க இயற்கையானது. கெத்தா பெர்ச்சா. காட்டு மரத்தின் பால். சுடுநீரில் போட்டால் களிமண்போல இளகும், ஆறினால் கெட்டியாகும். மலாய்க்காரர்கள் பாராங்குக்குக் கைப்பிடி செய்தார்கள். அந்த அளவில் காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1840களில் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக இதைவிட நல்ல பொருள் அன்று இல்லை. 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பியும் இதைப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தது. இந்த மரத்தைச் சீவினால் ரப்பர்போலப் பால் தாராளமாக வடியாது. ஆகவே மரத்தையே சாய்த்தார்கள். ஒரு முழு மரத்துக்குக் கிடைத்ததோ கொஞ்சம். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரில் அந்த மரம் ஏறக்குறைய இல்லாமல் போனது, பிறகு தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ என்று கோடாரி நகர்ந்தது. மக்குமா மக்காதா என்ற கேள்வி அந்தக் காட்டுக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது. எத்தனை டன், யாருக்காக என்பதுதான் அதைத் தின்றது.

அடுத்து ரப்பர். இதை நமக்குச் சொல்லவே தேவையில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. பால்மரத்தின் பாலை மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றி, ஸ்டோருக்குச் சுமந்து, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகையில் காயவைத்துச் சீட்டாக்கினார்கள். ஒரு பாலிமர், ஒரு அமிலம், ஒரு தட்டு, இரண்டு நாள் காயல். பட்டறையில் தம்பி செய்துகாட்டியதைக் கிட்டத்தட்ட இதே வரிசையில் நம் பாட்டிகள் இருட்டோடு பிரட்டுக்குப் போய் நின்று ஆயுள் முழுக்கச் செய்தார்கள். இயற்கைப் பொருள்தான், அதற்காகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் நாம். லயத்து வீடும் கிராணியின் செக்ரோலும் அந்த இயற்கைப் பொருளோடுதான் வந்தன. தோட்டத்தைப் பற்றி இத்தனை கதை எழுதிய சமூகம், 'இயற்கை மூலப்பொருள்' என்று யாராவது சொன்னதும் கைத்தட்டுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, யார் மரம் வெட்டினது, கூலி எவ்வளவு?

மரவள்ளிக்கும் அதே கேள்வி உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னமும் சில வீடுகளில் பெரியவர்கள் அந்தக் கிழங்கைத் தொடுவதில்லை. அது பசிக்கு விளைந்த பயிர், மண்ணின் சத்தை நன்றாக உறிஞ்சும் பயிரும்கூட. ஒரு நாட்டின் பிளாஸ்டிக்கையெல்லாம் கிழங்கிலிருந்து எடுப்பதென்றால் நிலம் வேண்டும், உரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், பிடுங்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் இப்போது தமிழ்க் கைகளாக இருக்காது. வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வரும், கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டு.

பட்டறையை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று நாளாக நீட்டச் சொல்கிறேன். முதல் நாள் கிண்டட்டும். இரண்டாம் நாள் அந்தத் தாளில் தண்ணீர் ஊற்றி, கல் கட்டி, வெயிலில் போட்டு, எப்போது கிழிகிறது என்று பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். மூன்றாம் நாள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி அந்த ஊரின் குப்பை லாரி போகும் இடத்துக்குப் பின்னாலேயே கூட்டிப்போக வேண்டும். நகராண்மைக் கழகத்தில் யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவது, யார் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளே எழுதட்டும். அந்தக் குறிப்பேட்டை எந்த இலக்கிய நிகழ்விலாவது வாசிக்க அனுமதித்தால் சொல்லுங்கள், வாழையிலைப் பொட்டலம் என் செலவு.