கோடு மங்கினால் கணக்கும் மங்கும்

லினக்ஸில் ஆர் அல்லது க்னூபிளாட் கொண்டு பளிச்சென்று வரைந்த படம், செமினார் ஹாலில் இருக்கும் விண்டோஸ் கணினியில் பவர்பாயிண்டைத் திறந்ததும் மங்கிப் போய்விடுகிறது. பழி பெரும்பாலும் ப்ரொஜெக்டர் மேல் விழும். உண்மையான குற்றவாளி பல நேரம் படக்கோப்புதான்.

1987-ல் பவர்பாயிண்ட் முதலில் வந்ததே மேக் கணினிக்குத்தான். ஆனாலும் 2000-களில் மேக்கில் காப்பி செய்து ஒட்டிய படங்கள் விண்டோஸில் திறந்தால் காணாமல் போகும்; 'க்விக்டைம் வேண்டும்' என்ற அறிவிப்பு மட்டும் அந்த இடத்தில் நிற்கும். இன்று அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் இருக்கின்றன.

இபிஎஸ் கோப்பைச் சேர்க்கும் வசதியைப் பாதுகாப்புக் காரணத்துக்காக 2017-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் பவர்பாயிண்டில் பிடிஎஃப் நேரடியாகப் படமாக உட்காராது. எஸ்விஜி நல்ல வழி, ஆனால் ஆஃபீஸ் புதிதாக இருக்க வேண்டும். இஎம்எஃப் விண்டோஸின் சொந்தப் பிள்ளை. க்னூபிளாட்டே அதை எழுதித் தரும், ஆருக்குத் தனி பேக்கேஜ் உண்டு. ஆனால் ஊடுருவித் தெரியும் வண்ணங்கள் அதில் சொதப்பலாம்.

'எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் படம்தான் உசத்தி' என்று வாதாடுபவர்கள் உண்டு. அச்சுக்கு அது சரி. ஆனால் எந்தக் கணினியில், எந்த ஆஃபீஸில் திறக்கப் போகிறார்கள் என்று தெரியாத ஸ்லைடுக்குப் பிஎன்ஜியே பத்திரம். 1920 பிக்சல் அகலத்துக்கு நேரடியாக வரைந்து சேமித்தால் முழுத் திரைக்கும் போதும். சின்னதாக எடுத்துவிட்டு ஸ்லைடில் இழுத்துப் பெரிதாக்குவதுதான் தப்பு. ஜேபெக் வேண்டவே வேண்டாம்! அது புகைப்படத்துக்குப் பிறந்தது. கோடுகளின் ஓரத்திலும் எழுத்தைச் சுற்றியும் அழுக்குப் பூசிவிடும்.

பிஎன்ஜியில் இன்னொரு லாபம், தமிழ் எழுத்து. எஸ்விஜி, இஎம்எஃப் இரண்டிலும் எழுத்துகள் பொதுவாக எழுத்தாகவே போகும். லினக்ஸில் லோஹித் எழுத்துருவில் 'விற்பனை' என்று எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸில் வேறு எழுத்துருவுக்கு மாறி இடம் தள்ளி நிற்கும். பிஎன்ஜியில் எழுத்தும் படம்தான், அசையாது.

எக்செல் சார்ட்டை அப்படியே ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பாக ஒட்டினால், கோப்பு வேறு கணினிக்குப் போனதும் இணைப்பு அறுந்துவிடும். வொர்க்புக்கோடு பொதிந்து ஒட்டினால் அந்த ஒரு சார்ட்டோடு முழு வொர்க்புக்கும் ஸ்லைடுக்குள் ஏறிவிடும். சம்பளப் பட்டியல் பக்கத்து ஷீட்டில் இருந்தால், ஸ்லைடு கிடைத்த எவரும் ரைட் க்ளிக் செய்து பார்க்கலாம்! பேலன்ஸ் ஷீட் பார்க்கும் காமர்ஸ்காரர்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

வரைபடம் அலங்காரம் அல்ல, சாட்சி. அச்சில் இருக்கும் எண்ணைக் கடைசி பெஞ்சில் இருப்பவர் படிக்க முடியாவிட்டால், அவர் பேசுபவரை நம்பலாம், கணக்கைச் சரிபார்க்க முடியாது. அதனால் பெரிய எழுத்து, போதுமான பிக்சல், ஒரு பிஎன்ஜி. கூடவே, எண்கள் கொண்ட சிஎஸ்வி கோப்பு தனியாக, கேட்பவருக்குக் கொடுக்கத் தயாராக.

பேசப் போகும் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் இன்னும் நிம்மதி :-)