கக்கூசுக்குக் காசில்லை

அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி வைத்து, இருக்கிற கொஞ்சப் பணத்தில் எந்தத் திட்டத்தை நடத்தலாம், எதை விட்டுவிடலாம் என்று விவாதிக்கச் சொல்கிறார்கள். 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் இதற்காகவே பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவரவர் விகிதப்படி இடம். ஏட்டில் படித்தால் ஜனநாயகம் பொங்கி வழிகிறது. அந்த ஜனநாயகத்தின் கையில் எவ்வளவு கொடுக்கிறார்கள்? ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம், நூறுக்கு மேல் 250 வரை பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய். முப்பது பிள்ளைகளுக்குள் என்றால் 10,000. சாக்பீஸ், உடைந்த குழாய், காகிதம், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதற்குள். அந்த ஐம்பதாயிரத்தை நடுவில் போட்டுவிட்டு, 'எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று கூலிக்காரர்களிடம் சொல்வதற்குப் பெயர் பங்கேற்பாம்.

அதுவும் ஒழுங்காக வருவதில்லை. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு 2024-25க்குத் தரவேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தில்லி மிரட்டியது, சென்னை அறிக்கை விட்டது. இந்தச் சண்டையில் நாம் சென்னையின் பக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் பணம் குறைகிற ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தில் முதலில் நிற்பது எது என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை. முதலில் நிற்பது பினாயில். அடுத்து துப்புரவு செய்கிறவளின் கூலி.

என் மகள் படிக்கிற ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் போன வருடம் நடந்த கூட்டத்தைச் சொல்கிறேன். மானியத்தோடு பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடையும் கொஞ்சம் இருந்தது. ஊர்த்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர் ஸ்மார்ட் டிவி வாங்கலாம் என்றார், பக்கத்து ஊர்ப் பள்ளியில் மாட்டிவிட்டார்களாம். இன்னொருவருக்கு ஆண்டு விழா மேடை. மூன்றாமவர் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு ஒரு டீச்சர் போடச் சொன்னார். இதற்கு எங்கள் தெருப் பெற்றோர்தான் அதிகம் கை தூக்கினார்கள். தூக்கட்டும். ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தாய்மொழிப் பற்றை நமக்குப் போதித்துவிட்டுத் தம் பிள்ளைகளை கான்வென்டில் சேர்க்கிறவர்களிடம் நாம் பாடம் கேட்க வேண்டியதில்லை.

அப்போது எங்கள் தெரு அம்மா ஒருத்தி எழுந்தாள். "சார், கக்கூசு நாறுது சார். பொட்டப் புள்ளைங்க காலைல போனது சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கினு வருதுங்க. மொதல்ல அதுக்கு எதனா பண்ணுங்க." முன்வரிசையில் சிரித்தார்கள். தலைமையாசிரியர் கோபப்படவில்லை, நல்ல மனிதர். "அதைப் பாத்துக்கலாம்மா, இப்ப வளர்ச்சிப் பணியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார். உரக்கடைக்காரர் ஒருபடி மேலே போனார். "ஜப்பான்ல பசங்களேதான் சார் கழுவறாங்க. நம்ம பசங்களும் வேலை கத்துக்கட்டுமே."

இந்த ஜப்பானை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். அங்கே எல்லாப் பிள்ளையும் முறை வைத்துக் கூட்டிப் பெருக்குகிறது. இங்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்று வாத்தியாருக்கு வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே தெரியும். ஈரோடு மாவட்டம் பெருந்துறையை அடுத்த பாலக்கரை தொடக்கப் பள்ளியில் 2022இல் நடந்தது என்ன? டெங்குக் காய்ச்சலில் படுத்த பையனைத் தாய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கக்கூசு கழுவும்போது கொசு கடித்ததாகச் சொன்னான். கழுவ வைக்கப்பட்டவர்கள் தலித் பிள்ளைகள். புகார் போய், வழக்குப் பதிவாகி, அந்த டிசம்பரில் தலைமையாசிரியை கைதானார். பத்திரிகைகள் ஒரு ஆசிரியையின் கொடுமை என்று எழுதின. கொடுமைதான். ஆனால் அந்தப் பள்ளியில் தினமும் கழுவ நியாயமான சம்பளத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் பிளீச்சிங் பவுடர் அந்தப் பிள்ளைகளின் கைக்கு எப்படிப் போகும்? செலவுக் கணக்கில் ஒரு வரி காலியாக இருந்தால் அதைச் சாதி வந்து நிரப்பிக்கொள்கிறது. அதற்கு அரசாணை வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம்.

அம்பேத்கர் சாத்தாராவில் படித்தபோது பள்ளி பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மற்ற பிள்ளைகள் குழாயைத் திறந்து குடித்தார்கள். அவர்களுக்கு பியூன் ஒரு கடைநிலைச் சம்பளக் கணக்கு, அம்பேத்கருக்கு அன்றைய தண்ணீர். எந்தச் செலவு அவசியம், எது அநாவசியம் என்பதை இப்படி இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

'காசில்லை' என்கிற வாதத்துக்கு இந்த மாகாணத்தில் ஒரு சரித்திரமே உண்டு. 1953இல் ஆச்சாரியார் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தபோதும் சொன்ன காரணம் அதுதான். கட்டடம் போதாது, வாத்தியார் போதாது, அதே செலவில் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். எதிர்ப்பு கிளம்பியது, 1954இல் காமராஜர் அதைத் தூக்கிப் போட்டார். குலக்கல்வி ஒழிந்தது என்று எல்லோரும் மேடையில் பேசுகிறோம். சேரிப் பிள்ளையின் கையில் துடைப்பம் இருக்கிற பள்ளியில் அது ஒழிந்துவிட்டதா?

எங்கள் பள்ளியில் துப்புரவு செய்கிற அக்காவுக்கு மாதம் 1,500 ரூபாய். நாளைக்கு ஐம்பது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலியே நாளைக்கு 336. அந்த 1,500ம் மாதாமாதம் வராது. மூன்று மாதம், நாலு மாதம் சேர்த்துதான் கணக்கில் விழும். நான் வங்கியில் குமாஸ்தா. பாஸ்புக்கைப் பதியக் கொடுத்துவிட்டு, "ஏறிச்சா தம்பி?" என்று கேட்பார். ஏறவில்லை என்று நான் சொல்கிற மாதங்களில் அவர் நாற்று நடப் போகிறார். அந்த நாட்களில் கக்கூசைக் கழுவுவது யார்? மேலாண்மைக் குழு இதைக் கேட்டதில்லை. பள்ளி மானியத்தில் பத்து சதவீதத்தையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு ஐயாயிரம், மாதத்துக்கு நானூற்றுச் சில்லறை. அதில் கை கழுவுவோம் என்று சுவரில் படம் வரைந்து முடித்துவிடுகிறார்கள். அக்காவின் பையனும் அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறான், அவரும் பெற்றோர்தான். கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர் அவர்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

இதே ஊர்க்காரர்கள் சத்துணவு சமையல் வேலை என்று வந்தால் சும்மா இருப்பார்களா? 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் பெண்ணை இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் திரும்ப அமர்த்தினார்கள். அடுப்படிக்கு ஆள் போட வேண்டுமென்றால் சாதி பார்த்துச் சண்டை. கக்கூசுக்கு ஆள் போட வேண்டுமென்றால் மட்டும் 'ஃபண்டு இல்லை'.

நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு சச்சரவு உண்டு. இதைப் பேசியபோது ஒரு மாணவத் தோழர், "திரும்பத் திரும்பக் கக்கூசையே பேசணுமாண்ணே? நாம ஐ.ஏ.எஸ். பத்தி, ஐ.ஐ.டி. பத்திப் பேசுவோம்" என்றார். அந்தக் கூச்சம் புரிகிறது. நம்மை எதோடு சேர்த்துக் கட்டினார்களோ அதன் பெயரைச் சொல்லவே நாக்கு கூசும். ஆனால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது தோழர். வயசுக்கு வந்ததும் அவள் பள்ளியை விட்டு நின்றால் உங்கள் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை யார் எழுதுவது?

இன்னொரு யோசனை சொல்கிறார்கள், தாழ்த்தப்பட்டோர் துணைத் திட்டத்திலிருந்து இதற்குப் பணம் எடுக்கலாமாம். கூடவே கூடாது. தில்லி காமன்வெல்த் விளையாட்டுக்காக அந்தப் பணத்தில் பல நூறு கோடியைத் திருப்பிவிட்டதை 2010இல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். கக்கூசுக்கும் அதிலிருந்து எடுத்தால் அந்த வேலை நம்முடையது என்று பட்ஜெட்டிலேயே முத்திரை குத்தினதாகிவிடும். எல்லாப் பிள்ளையும் போகிற கக்கூசு. செலவு பள்ளிக் கல்வித் துறையின் பொதுக் கணக்கில் வர வேண்டும். காலமுறை ஊதியம், கையுறை, கருவி, மாதம் பிறந்தால் சம்பளம். மானியத்தைப் பிய்த்துக் கொடுக்கிற பிச்சை வேண்டாம். வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்கட்டும். காலமுறை ஊதியம் என்று அறிவித்துப் பாருங்கள், ஊர்த்தெருவிலிருந்தும் மனு வரும். அதுவரைக்கும் ஸ்மார்ட் டிவிக்கும் ஆண்டு விழாவுக்கும் நம் கை உயராது. ஆங்கில டீச்சருக்கு உயரும், ஆனால் இரண்டாவதாக.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரியுங்கள். மாணவர்கள் தனியாகப் போக வேண்டாம், அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள், பேச வேண்டியது அவர்கள். போன வருடத்து மானியச் செலவை வாசிக்கச் சொல்லுங்கள். துப்புரவுக் கூலி எத்தனை மாதம் பாக்கி, அந்த மாதங்களில் கழுவியது யார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால், எழுத மறுத்தார்கள் என்று நீங்களே ஒரு மனு எழுதி, கூட்டத்துக்கு வந்த தாய்மாரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்று நமக்கு.