பேச்சுமேசையில் அண்டை நாடுகளின் கணக்கு

தென் சூடான் தனி நாடாகி இரண்டரை ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2013 டிசம்பர் 15 இரவு, தலைநகர் ஜூபாவில் அதிபரின் காவல் படைக்குள்ளேயே சண்டை மூண்டது. அதிபர் சல்வா கீர் ஒரு பக்கம், பதவி பறிக்கப்பட்ட துணை அதிபர் ரியெக் மச்சார் மறுபக்கம் என்று நாடே பிளந்தது. சில நாள்களில் உகாண்டா ராணுவம் கீருக்குத் துணையாக எல்லை தாண்டி வந்தது.

அதே உகாண்டா, எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் சமரசப் பேச்சை நடத்திய, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் இகாட் கூட்டமைப்பின் உறுப்பு நாடு. அங்கே நடுவர்களாக அமர்ந்த மூவரும் அண்டை நாட்டவர்களே: எத்தியோப்பியாவின் செயும் மெஸ்ஃபின், கென்யாவின் லாசரோ சும்பெய்வோ, சூடானின் முகமது அல்-தாபி.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. கடல் இல்லாத தென் சூடானின் எண்ணெய், சூடான் வழியாகக் குழாயில் போர்ட் சூடான் துறைமுகத்துக்குப் போகிறது. அதற்குச் செலுத்தும் கட்டணம் சூடான் தலைநகர் கார்ட்டூமுக்கு உயிர்நாடி. உகாண்டாவுக்கு ஜூபா பெரிய சந்தை. அதோடு கார்ட்டூம் மீது பழைய பகையும் உண்டு. உகாண்டாவின் எல்.ஆர்.ஏ. கிளர்ச்சியாளர்களுக்குச் சூடானும், தெற்கின் விடுதலைப் படைக்கு உகாண்டாவும் ஆண்டுக்கணக்கில் கைகொடுத்தவை. ஜூபாவில் கிளை விரித்திருந்த கென்ய வங்கிகள் தொழிலைக் காக்க நினைத்தன. எத்தியோப்பியாவின் காம்பெல்லா மாகாணத்திலோ நுவேர் இன மக்கள் எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள். போர் முற்றினால் அகதிகள் அங்கேயும் வருவார்கள்.

இந்தக் கணக்குகளின் விளைவை நடுவர்கள் கைமேல் கண்டார்கள். 2014 நவம்பரில் இகாட் தலைவர்கள், போரை நிறுத்தாதவர்களின் சொத்தை முடக்குவோம், பயணத்தைத் தடுப்போம் என்று எச்சரித்தனர். சண்டை தொடர்ந்தது, எச்சரிக்கை ஏட்டோடு நின்றது. 2018 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஆயுதத் தடை கொண்டுவந்தபோது, அவையில் உறுப்பினராக இருந்த எத்தியோப்பியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

கீரும் மச்சாரும் 2015 ஆகஸ்டில் செய்துகொண்ட உடன்படிக்கையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துணைக்கு வந்த வெளிநாட்டுப் படை வெளியேற வேண்டும் என்பதைக் கெடுவோடு எழுதினார்கள். உகாண்டா அந்த ஆண்டு முடிவதற்குள் படையைத் திரும்பப் பெற்றது. அதே உடன்படிக்கையின் அதிகாரப் பகிர்வு 2016 ஜூலையில் ஜூபா தெருக்களில் சிதறியது. ஆனால் அண்டை நாட்டின் கடமையாகப் பெயர் சுட்டாமலாவது எழுதப்பட்ட அந்த ஒரு பிரிவு நிறைவேறியது.

2018இல் வழி வேறாக இருந்தது. நெடுநாள் எதிரிகளான சூடான் அதிபர் ஒமர் அல்-பஷீரும் உகாண்டா அதிபர் யோவேரி முசேவேனியும் சேர்ந்து கீரையும் மச்சாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். தெற்கு பிரிந்ததில் எண்ணெய் வளத்தில் முக்கால் பங்கை இழந்திருந்த சூடானுக்கு, தெற்கில் மூடிக்கிடந்த எண்ணெய்க் கிணறுகள் மீண்டும் ஓட வேண்டியிருந்தது. ஜூன் 27ஆம் தேதி கார்ட்டூம் பிரகடனத்திலேயே எண்ணெய்க் களச் சீரமைப்பு இடம்பெற்றது. செப்டம்பர் 12ஆம் தேதி இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

புரவலர்களின் தேவையில் நின்ற ஒப்பந்தம், அவர்களோடு சேர்ந்தே ஆட்டம் கண்டது. 2019 ஏப்ரலில் பஷீர் வீழ்ந்தார். 2023 ஏப்ரலில் சூடானிலேயே போர் வெடித்தது. அடுத்த ஆண்டு குழாய் சேதமடைந்து, ஜூபாவின் எண்ணெய் வருமானத்தில் பெரும்பகுதி நின்றது. 2025 மார்ச்சில் உகாண்டா படை மறுபடியும் ஜூபாவில் இறங்கியது. அதே மாதம் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

அண்டை நாடுகளை மேசையிலிருந்து விலக்கிவைக்க எந்த நடுவராலும் முடியாது. குழாயும் எல்லையும் அகதி முகாமும் இருக்கும்வரை அவை வந்தே தீரும். அவற்றை நடுநிலை விருந்தாளிகளாக நடத்துவதைத்தான் சமரசத் துறையினர் நிறுத்த வேண்டும். பேச்சு தொடங்குமுன் ஒவ்வொரு அண்டை நாட்டின் ஆதாயத்தையும் அச்சத்தையும் தனித்தனியே பட்டியலிடலாம். படை, எண்ணெய்க் கட்டணம், எல்லை வணிகம் ஆகியவற்றில் அந்நாடு செய்ய வேண்டியதைக் கெடுவோடு உடன்படிக்கையில் சேர்க்கலாம். அதைக் கண்காணிக்கும் குழுவை, ஆதாயம் பெறும் நாடுகளுக்கு வெளியிலிருந்து அமைக்கலாம். பலமுறை தள்ளிப்போன தென் சூடான் தேர்தல் 2026 டிசம்பருக்குக் குறிக்கப்பட்டிருந்த நிலையில், 2025இல் உகாண்டா படை மறுபடியும் வந்தபோது, அதற்கு அப்படி ஒரு கெடுவை யார் வைப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தது.