மருத்துவமும் மக்கள் மொழியும்

போலந்து நாட்டுக் க்ராகோவ் நகர அத்தியட்சர் யான் ராட்லிசா, லூயி மன்னர்க்கு மருத்துவராகவும் விளங்கி 1392-இல் மறைந்தார். அக்காலத்து ஐரோப்பிய மருத்துவ நூல்கள் லத்தீன் மொழியில் அமைந்தமையின், அம்மொழி ஓதாதார்க்கு அக்கலை எட்டாக் கனியே ஆயிற்று.

நம் தமிழுலகில் வேறு நெறி கண்டார் ஒருவர். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் மருத்துவங் கற்பித்தார். முதற்கண் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலங் கற்றோர் அரசாங்க வேலை நாடி அகல்வர். தமிழிற் கற்றோர் தம்மூர்க்குப் பயன்படுவர் என்பது அவர் கருத்து. நூல்கள் இல்லையே எனச் சோர்ந்தாரல்லர். மாணாக்கர் துணைகொண்டு ஆக்கினார். ‘இரணவைத்தியம்’ 1867-இலும், ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. தமிழில் அறிவியற் சொல் இல்லை என்பார்க்கு இவையே விடையாம். சொல் தானே முளையாது. வேண்டுவோர் ஆக்குதல் வேண்டும்.

இன்று நம் மாநில எல்லையாகிய ஜூஜுவாடியைச் சூழ்ந்த ஆலைகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் வடநாட்டாரும் உழைக்கின்றனர். நோயுற்றார் தம் நோவைத் தாய்மொழியிலன்றி எங்ஙனம் தெளிவுற உரைப்பர்? அம்மொழியறிந்து வினவுதல் மருத்துவர்க்கு அறம். தமிழில் வேண்டுஞ் சொற்களை ஆக்கித் தருதல் தமிழ் பயில்வார்க்குக் கடன். இதுவே எம் துணிபு.