புறாவும் என் போர்வையும்

"தினமும் காலையில் அரை மணி நேரம் நடங்கள், சர்க்கரை கட்டுப்படும்" என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாயிற்று. ராத்திரி படுக்கும்போது எனக்கிருக்கும் வைராக்கியத்தைப் பார்க்க வேண்டுமே! செருப்பைக்கூட வாசலில் எடுத்து வைத்துவிடுவேன். ஐந்து மணிக்கு அலாரம் அடித்தாலோ, "இன்னும் பத்தே நிமிஷம்..." அந்தப் பத்து நிமிஷம் பால்காரர் வரும்வரை நீளும்.

"உனக்கு மனஉறுதி போதாது" என்பார் என் கணவர். நானும் அப்படித்தான் நொந்துகொண்டிருந்தேன், ஒரு புறா சமாசாரத்தைப் படிக்கும் வரை.

அமெரிக்காவில் ராக்லின், கிரீன் என்ற இரு மனநூல் அறிஞர்கள் 1972-இல் வெளியிட்ட சோதனை அது. பசித்த புறாவின் முன் இரண்டு பொத்தான்கள். ஒன்றைக் கொத்தினால் உடனே தானியம் வரும். ஆனால் 2 விநாடிதான் தின்னலாம். மற்றதைக் கொத்தினால் 4 விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு 4 விநாடி தின்னலாம். எதைக் கொத்தியிருக்கும்? உடனே வருவதைத்தான், ஒவ்வொரு தடவையும்!

சுவாரசியமே இதற்கப்புறம்தான். தீனி வேளைக்குச் சற்று முன்னதாகவே வேறொரு தேர்வு வைத்தார்கள். ஒரு பக்கம் கொத்தினால் பிறகு பழையபடி இரண்டு பொத்தானும் வரும். மறுபக்கம் கொத்தினால் பெரிய தீனியின் பொத்தான் மட்டுமே வரும், சபலத்துக்கு இடமில்லை. நடுவிலே போதிய நேரம் விட்டால், அந்த அவசரக்காரப் புறாக்களே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன!

மேஸர் என்பவர் 1987-இல் இதற்கொரு கணக்குப் போட்டார். கிடைக்கும் அளவை, காத்திருக்கும் நேரத்தோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். (அவசர புத்திக்கு ஓர் எண் உண்டு, அதை 1 என்றே வைத்துக்கொள்வோம்.) உடனே வரும் தீனியின் மதிப்பு 2, தாமதமாக வரும் பெரிய தீனிக்கு 4-ஐ 5-ஆல் வகுத்தால் வெறும் 0.8. இதையே 10 விநாடி முன்னால் நின்று பாருங்கள். சின்னது 2-ஐ 11-ஆல் வகுக்க 0.18, பெரியது 4-ஐ 15-ஆல் வகுக்க 0.27. தராசு சாய்ந்துவிட்டது!

ராத்திரி எனக்குப் போர்வையும் தூரம், ஆரோக்கியமும் தூரம். விடியற்காலையில் போர்வை மட்டும் கைக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் முடிவை ராத்திரியே பூட்டிவிட வேண்டியதுதானே?

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "அஞ்சு மணிக்கு வந்து கதவைத் தட்டும்மா. நான் வரலைன்னு சொன்னாலும் விடாதே" என்று சொல்லி வைத்தேன். "தட்டுறேன் அக்கா, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றாள். நேற்றோடு பதினோரு நாள். நடுவில் மழை பெய்த அன்று மட்டும் இரண்டு பேருமே தூங்கிவிட்டோம்.