அது வடிவேலு டயலாக் இல்லைங்க

திண்டுக்கல்காரன் வாயைத் திறந்தால் போதும், எதிரே இருப்பவருக்கு வடிவேலு ஞாபகம் வந்துவிடுகிறது. "ஆளுக வந்துட்டாய்ங்களா, இல்லையா?" என்று போனில் கேட்கிறேன். சரக்கு இறக்க ஆள் வந்தாச்சா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துச் சென்னைக்காரர் பதில் சொல்லவில்லை, சிரிக்கிறார். "அப்படியே வடிவேலு சார்! எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க?" லாரி நிற்கிறது, வெயில் ஏறுகிறது, நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம்.

ஐயா, அது டயலாக் இல்லை. எங்கள் அப்பத்தா பேசிய பேச்சு. அப்பத்தா சினிமாக் கொட்டகைக்கே போனதில்லை. வந்தாய்ங்க, போனாய்ங்க, இம்புட்டு, அம்புட்டு எல்லாம் மதுரைப் பக்கத்துப் பேச்சு. 1985 வரைக்கும் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாதான். கோடு போட்டு மாவட்டத்தைப் பிரித்தார்கள், பேச்சு பிரியவில்லை. வடிவேலுவும் மதுரைக்காரர். 1991-ல் 'என் ராசாவின் மனசிலே' வழியாக அவர் சினிமாவுக்குள் போனபோது எங்கள் தெருப் பேச்சையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இப்போது நாங்கள் அவரைப் பார்த்துக் காப்பியடிக்கிறோம் என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளை ஹாஸ்டலில் 'இம்புட்டு' என்பதையே விட்டுவிட்டாளாம். சொன்னால் மிமிக்ரி செய்யச் சொல்கிறார்களாம்.

அசல் சினிமா வசனம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. 'பத்த வச்சிட்டியே பரட்டை' என்றால் அது 1977-ல் வந்த 'பதினாறு வயதினிலே'தான். பரட்டை என்ற ஆள் அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறான். 'பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா' என்பது 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்'. கவுண்டமணியும் செந்திலும் இல்லாமல் அந்தக் கேள்விக்கு உயிர் கிடையாது. இருந்தாலும் பாருங்கள், டீக்கடையில் இஞ்சி டீ கேட்டால் "இஞ்சி டீயேதான் வேணுமா?" என்கிறான் ஒரு பொடியன். அவன் மேண்டில் கட்டி எரிகிற விளக்கைப் பார்த்ததில்லை, அந்தப் படத்தையும் பார்த்ததில்லை. போனில் வந்த மீமில் பிடித்துக்கொண்டது. 'அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா'வும் அப்படித்தான். 1992-ல் 'சூரியன்' வந்தபோது பிறக்காத பிள்ளைகள்கூட, எவனாவது கட்சி மாறினால் அதைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இப்போது பழமொழிக் கணக்கு. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதை முதலில் சொன்னது யார் என்று எவரும் விசாரிப்பதில்லையே.

என் ஆத்திரமெல்லாம், சும்மா கிடந்த சாதாரண வார்த்தைகளைச் சினிமா எழுதி வாங்கிக்கொண்டதைப் பற்றித்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் பெரியவர் ஒருவர் மனதாரச் சொல்கிறார்: "பையன் ரொம்ப நல்லவன்ங்க." பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. 2004-ல் 'கிரி' படத்தில் வடிவேலு அடி வாங்கியதற்கு இந்தப் பையன் என்ன பாவம் பண்ணினான்? இனி ஒருவனை நல்லவன் என்று சொல்ல வேறு வார்த்தைக்கு நான் எங்கே போவது? ஹார்டுவேர் கடையில் இரண்டு இன்ச் ஆணி கேட்டால், "அடிக்கிறதுக்கா, புடுங்கறதுக்கா?" என்கிறார் கடைக்காரர். 'ஃப்ரெண்ட்ஸ்' வந்தது 2001-ல். சரி, ஓய்ந்துவிடும் என்று பார்த்தால் 2019 மே மாதம் அந்தப் படத்துக் காண்ட்ராக்டர் நேசமணிக்காக நாடே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது. வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர்களை அன்றைக்குக் கூப்பிட ஆரம்பித்த பேர் இன்னும் போகவில்லை. வாலிபர் சங்கத்துத் தோழர்கள் உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்தால், வடிவேலு படத்துச் சங்கத்தை நினைத்து, "வருத்தப்படாத வாலிபரா?" என்று கேட்காத கடை இல்லை. அவர்களும் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள், பாவம். வேறென்ன செய்வார்கள்?

துஷ்டி வீட்டில் நடந்ததுதான் உச்சம். சின்ன வயதுச் சாவு. கிழவி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு "என்ன கொடுமை இது" என்று அழுகிறாள். பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வாய்க்குள்ளேயே "சரவணன்" என்று முடித்தான். 2005-ல் 'சந்திரமுகி'யில் பிரபு அதைச் சீரியஸாகச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து 'சென்னை 600028'-ல் பிரேம்ஜி அதையே கேலியாக்கினார். அதெல்லாம் அவர்கள் தொழில். அழுகிற கிழவிக்கும் அதற்கும் என்னங்க சம்பந்தம்?

சொல்கிறவர் மனதில் அந்தப் படம் இருந்தால்தான் அது சினிமா வசனம். கேட்கிறவர் மனதில் மட்டும் படம் ஓடினால் அது அவருடைய பாடு. எங்கள் வாயில் வடிவேலுவைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டாம்.

ஆகவே வெளியூர்ச் சொந்தங்களே, அடுத்த தடவை தெற்கத்தி ஆள் எவராவது "வந்துட்டாய்ங்க" என்றால், எந்தப் படம் என்று கேட்காதீர்கள். யார் வந்தார்கள் என்று கேளுங்கள்.